பழைய கார் சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று முதலில் பாருங்கள்

பழைய காரில் டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டால் போதும், ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு என்பார் ஒருவர். ரேடியேட்டரை மாற்று என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பானெட்டைத் திறக்காமலேயே “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு” என்று முடித்துவிடுவார். மூவரில் யாராவது ஒருவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வண்டி எப்போது சூடாகிறது என்று கேட்காமல் சொல்வதெல்லாம் குருட்டாம்போக்குதான். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடாவது ஒரு கோளாறு, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடாவது வேறு, ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே சூடாவது முற்றிலும் வேறு. இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கு முன், இன்ஜின் எப்படித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகமான சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியும் ஹெட் உருகாமல் இருக்கிறதென்றால், அதைச் சுற்றியுள்ள குழிவழிகளில் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் காரணம். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுமந்துபோய் வெளியே தள்ளுவது கூலன்டின் வேலை.

அது ஓடும் பாதை சிக்கலானதல்ல. வாட்டர் பம்ப் கூலன்டை இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்ட கூலன்ட் தெர்மோஸ்டாட்டைக் கடந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்று பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அப்போதும் வேலை அதேதான். தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகு உருளை இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை வழியை அடைத்து வைத்திருக்கும். 80 முதல் 90 டிகிரிக்குள், அந்தந்த வண்டிக்கென்று வைத்த அளவில், மெழுகு இளகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும்.

பலரும் சாதாரணமாக நினைத்து விட்டுவிடுவது ரேடியேட்டர் மூடியை. அது வெறும் மூடியில்லை, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு வால்வு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் (bar, அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும். பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுவேதான். ஆகவே முள் 105 டிகிரியைக் காட்டினாலும், மூடி அழுத்தத்தைப் பிடித்திருக்கும்வரை உள்ளே எதுவும் கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் இன்ஜினில் வேறு கோளாறே இல்லாமல்கூட கூலன்ட் பொங்கி வெளியேறும். இதனால்தான் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட அந்த நொடியில் உள்ளே இருப்பது ஆவியாக மாறி முகத்தில் பீறிடும். துணியைப் போட்டு மெதுவாகத் திறந்தால் பரவாயில்லை என்பதும் தப்பு. மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்திப் பாருங்கள். சுடாமல், தொய்வாக அமுங்கினால் மட்டும் மூடியைத் தொடலாம். அதற்கு அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். உள்ளே அனலாகத்தான் இருக்கும். ஆனால் ஹீட்டர் என்பது இன்னொரு சிறிய ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அணைத்த பிறகு பம்ப் நின்றுவிடுவதால் ஹெட்டில் தங்கிய சூடு கூலன்டுக்கு இறங்கி, சிறிது நேரம் வெப்பம் இன்னும் ஏறும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விட அது ஒன்றே போதும்.

முள் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பழைய வண்டிகளில் சென்சார் பழுதாவதும், எர்த் வயர் துருப்பிடிப்பதும், அதனால் முள் கண்டபடி ஆடுவதும் சகஜம். ஹெட்லைட் போட்டதும் முள் ஏறுகிறதென்றால் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் பாவம், ஒன்றும் செய்யவில்லை. கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங் மீது பிடித்து, உண்மையான சூடு என்ன என்று பார்த்துவிடலாம். பளபளப்பான உலோகத்தின் மீது பிடித்தால் அது குறைத்துக் காட்டும். மங்கலான பரப்பாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றுதான் ஆபத்தானது. கூலன்ட் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் சிவப்பிலிருந்து மளமளவென்று கீழே இறங்கும். ஓட்டுபவர் ‘அப்பாடா, ஆறிடுச்சு’ என்று தொடர்ந்து ஓட்டுவார், இன்ஜின் அங்கே வெந்துகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஹீட்டர்தான். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால், அங்கே ஓடக் கூலன்ட் இல்லை என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் கழுத்துவரை இருக்கிறதா? துரு கலந்து செம்பழுப்பாக இருக்கிறதா? மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? ரேடியேட்டரில் குறைந்து, பக்கத்து பிளாஸ்டிக் டேங்கில் மட்டும் நிறைந்திருந்தால் மூடியின் மீதோ, டேங்குக்குப் போகும் சிறிய ஹோஸின் மீதோதான் சந்தேகப்பட வேண்டும். சூட்டில் விரிந்த கூலன்ட் டேங்குக்குப் போகும். ஆறும்போது மூடியில் உள்ள குட்டி வால்வு திறந்து, அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வால்வு ஒட்டிக்கொண்டாலோ ஹோஸில் விரிசல் இருந்தாலோ போனது திரும்பாது. மூடிதான் இந்த அமைப்பிலேயே விலை குறைந்த பாகம். அது எத்தனை வருடம் பழையது என்று தெரியாவிட்டால், அதே அழுத்த அளவு அச்சிட்ட புது மூடியைப் போட்டுவிட்டே அடுத்த சோதனைக்குப் போகலாம். அழுத்தம் அதிகமான மூடியைப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். பழைய ஹோஸ்களும் ரேடியேட்டர் ஒட்டுகளும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

கூலன்ட் குறைகிறதென்றால் எங்கோ போகிறது. சூட்டில் ஒழுகுவது அங்கேயே ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு விழாமலேயே போகலாம். தேட வேண்டியது ஈரத்தை அல்ல, காய்ந்த தடத்தை. ஹோஸ் கிளிப்புகளின் ஓரத்தில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி இருக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. பம்பின் சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியாகக் கசியட்டும் என்றே வைத்தது அது. அங்கே தடம் இருந்தால் பம்ப் விடைபெறப்போகிறது. காருக்குள் காலடி மிதியடி ஈரமாகி, இனிப்பு வாடையடித்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பசையுள்ள மூட்டம் படிந்தால் ஒழுகுவது ஹீட்டரின் ரேடியேட்டர். எங்குமே தடம் கிடைக்கவில்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது என்றால், மூடியின் இடத்தில் பொருத்தி அழுத்தம் ஏற்றும் பிரஷர் டெஸ்டர் கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். ஆறிய இன்ஜினில், மூடியில் எழுதியிருக்கும் அளவுவரை ஏற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் அளவு இறங்குகிறதா, எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

இனி அந்த முதல் கேள்விக்கு வரலாம்.

சிக்னலில் நின்றால் ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது என்றால் காற்றுதான் போதவில்லை. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. எலக்ட்ரிக் ஃபேன் உள்ள பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, அதன்பின் மோட்டார். மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரில் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தால், கோளாறு மோட்டாரிலா அதற்கு வரும் வழியிலா என்பது தீர்ந்துவிடும். ஏ.சி.க்குச் சுற்றுகிறது, இன்ஜின் சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் டெம்பரேச்சர் சுவிட்சைத் தேடிப் போங்கள். ஒன்று மட்டும் கவனம்: பல கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் இந்த ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். கையை அங்கே வைக்காதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்பதோடும் திருப்திப்பட வேண்டாம். மோட்டாரை மாற்றியவர் வயரைத் தலைகீழாகக் கொடுத்திருந்தால் அது எதிர்த்திசையில் சுற்றி, வண்டி ஓடும்போது வரும் காற்றையே எதிர்த்துத் தள்ளும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் உள்ள வண்டியில், முன் கிரில்லில் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பறந்து போகக் கூடாது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து கழற்றிப் போடப்பட்டிருந்தாலும் இதே கதைதான். ஃபேன் சுற்றியுள்ள காற்றை இழுக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. பழைய வண்டி வாங்கியவர்கள் இந்தக் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது. பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் (சூடேறினால் கெட்டித் திரவத்தின் பிடியில் வேகமாகச் சுற்றுவது) என்றால், இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கொஞ்சம் இழுபறியாக நகர்ந்து நிற்க வேண்டும். தங்குதடையில்லாமல் பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

நின்றால் சரியாக இருக்கிறது, வேகமாகப் போனாலோ மேடு ஏறினாலோ முள் ஏறுகிறது என்றால் கதை வேறு. காற்று தாராளமாக இருக்கிறது. இன்ஜின் தரும் வெப்பத்தை ஏற்கும் அளவுக்குக் கூலன்ட் ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் அதை வெளியேற்றவில்லை. பல வருடம் குழாய்த் தண்ணீரே ஊற்றிய ரேடியேட்டரில் உப்பும் துருவும் படிந்து குழாய்கள் அடைத்துப் போயிருக்கும். இன்ஜின் சூடான பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுவதும் மெதுவாக நகர்த்தினால், உள்ளே போகும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே ஓட்டமில்லை. வெளிப்புறத்தையும் பாருங்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பூச்சியும் சருகும் தூசியும் கம்பளி மாதிரி சேர்ந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது கீழ் ஹோஸ் கோளாறு, கண்ணெதிரே நடந்தும் கண்ணில் படாது என்பதால். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் தளர்ந்துபோன ஹோஸ் நிறுத்திய வண்டியில் நன்றாகவே தெரியும். இன்ஜின் சூடான நிலையில் ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் தள்ளி நின்று பார்த்தால், உறிஞ்சும் வேகத்தில் ஹோஸ் சப்பையாகி ஒட்டிக்கொள்வது தெரியும். மிதியை விட்டதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். சில ஹோஸ்களுக்குள் இதைத் தடுக்கவே ஒரு ஸ்பிரிங் இருக்கும்; துருப்பிடித்துக் கரைந்துபோன பிறகு அது இருந்ததே தெரியாது. ஃபேன் பெல்ட் தளர்ந்து வழுக்குவதும், பம்பின் இறக்கைகள் அரித்துப்போய்த் தண்டு மட்டும் சுற்றுவதும் வேகத்தில்தான் வெளிப்படும்.

கூலிங் பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தும் சூடானால், இன்ஜின் வேண்டாத வெப்பத்தை உண்டாக்குகிறதா என்று பாருங்கள். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பாயும் நேரம்) பின்தங்கியிருப்பது, கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருப்பது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்துப்போவது எல்லாம் சூட்டைக் கூட்டும். பிரேக் பிடித்தபடியே ஓடினாலும் இன்ஜின் தேவைக்கு மேல் உழைக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென்று ஏறினால் மூன்று சந்தேகங்கள்: திறக்காத தெர்மோஸ்டாட், உள்ளே சிக்கிய காற்று, ஹெட் கேஸ்கட். முள் நன்றாக ஏறிய பிறகும் ஒரு ஹோஸ் சுட, மற்றது குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சொல்லலாம். கழற்றிய பிறகு சோதிப்பது சுலபம். பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மீது பொறித்துள்ள டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் எப்போதும் ஜில்லென்று இருக்கும் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. அளவான சூட்டுக்கு வராத இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைத்துவிடும். அந்த வகையில் அதைக் கழற்றினால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிவரும்; சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

ஹெட் கேஸ்கட் என்ற பேரைக் கேட்டாலே வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் சிலிண்டரில் எரியும் வாயுவையும் கூலன்டையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும் மெல்லிய தகடு அது. சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவில் அது பிய்ந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் ஏறும். இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறதென்றால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வருகிறது. மூடியைத் திறந்து வைத்தே குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருவதும் தெரியும். (உள்ளே சிக்கிய காற்றும் முதலில் குமிழியிடும், ஆனால் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.) சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு கனத்த வெண்புகை வருவது, ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருப்பது, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் எண்ணெய் வெளிறிக் கூழாகியிருப்பது ஆகியவையும் அடையாளங்கள்.

ஆனால் ஒரே அடையாளத்தை வைத்து இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பசை இருப்பது, குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் சேர்வதாலும் வரும். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் பொருத்திய கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, மேலெழும் வாயுவை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். பெட்ரோல் வண்டியில் ஹெட்டைக் கழற்றுமுன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. கழற்றுவதென்று ஆகிவிட்டால் புது கேஸ்கட்டை மட்டும் போட்டு மூடிவிடக் கூடாது. சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். நேரான பட்டையை வைத்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் இடைவெளி பார்த்து, தேவைப்பட்டால் ஃபேஸிங் செய்த (பரப்பை மெஷினில் சமமாகச் சீவிய) பிறகே மாட்ட வேண்டும். முதலில் சூடாக்கிய கோளாறு எது என்பதையும் அப்போதே கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலும் கேஸ்கட் பழுதானது வேறொன்றின் விளைவாகத்தான் இருக்கும். ஒழுகலை அடைக்கும் பொடிகளையும் திரவங்களையும் ஊற்றும் எண்ணமிருந்தால், அவை ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் கூலன்டை ஊற்றும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஒவ்வாத இரண்டு வகைகள் கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளலாம். வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்று வெளியேறும் திருகு இருந்தால் அதைத் தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். குமிழி இல்லாமல் கூலன்ட் வரத் தொடங்கியதும் திருகை இறுக்கி, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடாதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ குழந்தையோ கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கே ஆபத்து. அடுத்த சில நாட்கள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு முறை கொஞ்சம் குறைந்திருந்தால் அது சிக்கியிருந்த காற்று வெளியேறியதால் இருக்கும், நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போனால் பிரஷர் டெஸ்டரை மறுபடியும் மாட்ட வேண்டியதுதான்.